வலது பக்கத்து ஒட்டு

நாள் முழுக்கக் குடிக்கும், ஒரு சொட்டுகூட விழுங்காது, வயிறு நிறைந்தால் குப்பைக்குப் போகும், அது என்ன, சொல் பார்ப்போம். கேட்டது நான்தான். என் வாயிலிருந்துதான் வந்தது. பக்கத்து இருக்கையில் முழங்கால் போட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வருகிற வதனி திரும்பி என்னைப் பார்க்கிறாள். வேன் கிளம்பியதிலிருந்து விடுகதையாகப் போட்டுக்கொண்டு வந்தவள் அவள்தான், நீங்க ஒண்ணு போடுங்க மாமா, நீங்க ஒண்ணு போடுங்க என்று சட்டைக் கையை இழுத்துக்கொண்டே இருந்தாள், காலையிலிருந்து மனதில் எது ஓடிக்கொண்டிருந்ததோ அதுவே விடுகதையாக வெளியே வந்துவிட்டது. மீன் என்கிறாள். மீன் இல்லை. ஒட்டகம். இல்லை. பாத்திரம் தேய்க்கிற பஞ்சு. கிட்டே வந்துவிட்டாள். என் பிடரியில் வேர்க்கிறது. முன் இருக்கையில் மடியில் சீர்த்தட்டோடு உட்கார்ந்திருக்கும் என் மனைவி பஞ்சவர்ணம் திரும்பவில்லை, ஆனால் அவள் தோள் விறைப்பது தெரிகிறது. இந்த வேனில் விடை தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். மை ஒற்றுகிற காகிதம் என்று சொன்னேன். அப்படி ஒரு காகிதத்தை வதனி பார்த்ததே இல்லை, இது போங்கு ஆட்டம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காதின் மடல் வெயிலில் சிவப்பாகத் தெரிகிறது, மெல்லியது, உள்ளே ஓடும் நரம்புகூடத் தெரிகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதில் ஊசி இறங்கும். அப்போது அவள் என் மடியில் இருப்பாள். தாய்மாமன் மடி. என் தங்கை அழகுமீனாவுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை, நான் ஒரே அண்ணன், ஆகவே இந்த உலகத்தில் அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் மடி இதுதான்.

இந்த மடியில் நான் கட்டியிருப்பது பெரியவர்களுக்கான டயப்பர். மனதுக்குள் சொல்லும்போதுகூட உதட்டை மூடிக்கொள்கிறேன். கோடையில் எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூத்திரப்பைக்குக் கீழே இருந்த சுரப்பியை எடுத்தார்கள், அதில் கெட்டது இருந்தது, கெட்டது முழுக்கப் போய்விட்டது என்றார் டாக்டர், கூடவே அடக்குகிற சக்தியும் கொஞ்சம் போயிருக்கும், அது திரும்பி வரும், சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு மெதுவாக, என்றார். சிலருக்கு வராமலே போவதுண்டா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊருக்குச் சொன்னது குடலிறக்கம். பஸ் ஓட்டுகிறவனுக்குக் குடலிறக்கம் என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். படுத்திருந்தால் கசிவதில்லை. எழுந்தால், இருமினால், சிரித்தால், கனமாக எதையாவது தூக்கினால், உட்கார்ந்த இடத்தில் புரண்டால், வருகிறது. வருவது எனக்குத் தெரிவதில்லை, வந்தபிறகு சூடாகத்தான் தெரிகிறது. பஞ்சவர்ணம்தான் கட்டிவிடுவாள். ஆஸ்பத்திரியில் ஒருதடவை காட்டினதை அப்படியே பிடித்துக்கொண்டாள். என்னைப் படுக்கச் சொல்லுவாள். அதை நீளவாட்டில் மடித்துத் தோணிபோல ஆக்கி, முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோவாள். தொடையோடு பொருந்துகிற சுருக்குக் கரை இரண்டும் வெளியே பார்த்து நிற்கவேண்டும், உள்ளே மடங்கினால் அதுவே வாய்க்காலாகிவிடும். உறுப்பு கீழ்நோக்கி இருக்கவேண்டும், இல்லையென்றால் ஈரம் வயிற்றுப் பக்கம் ஏறி இடுப்பு வழியாக வெளியே வந்துவிடும். கீழ் ஒட்டுகளை மேல்நோக்கிச் சாய்த்து முதலில் ஒட்டுவாள், மேல் ஒட்டுகளைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிறகு ஒட்டுவாள். இடுப்பில் இரண்டு விரல் விட்டுப் பார்ப்பாள். கடைசியாக, ஒவ்வொரு தடவையும் மறக்காமல், என் அரைஞாண் கயிற்றை விரலால் இழுத்துத் தொப்புளுக்கு மேலே ஏற்றிவிடுவாள். பழைய கயிற்றை ஆபரேஷனுக்கு முன்னால் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே புதுக் கயிறு கட்டினாள், கறுப்பு, முறுக்கினது, தடிமனாக, வெறும் இடுப்போடு ஆம்பளை நடமாடக்கூடாது என்று. இன்றைக்குக் காலையில் அவள் என் பக்கத்தில் இல்லை. தங்கை வீட்டில் தங்கியிருந்தோம், அண்ணி, தட்டுல வெத்தலை வைக்கணும், அண்ணி, வளையல் எங்க வச்சீங்க என்று தங்கை அவளை இழுத்துக்கொண்டே போனாள். பாத்ரூம் கதவை யாரோ தட்டினார்கள். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றபடியே கட்டிக்கொண்டேன். நின்றபடி, அவசரமாக, ஒரு கையால். வேனில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் வேட்டிக்கு மேலேயே கட்டைவிரலால் தடவிப்பார்த்தேன். இடது பக்கம் வழவழப்பு. வலது பக்கம், கீழ் ஒட்டுக்கு அடியில், ஒரு வரப்பு. கயிறு. ஒட்டு அதன்மேல் ஒட்டியிருக்கிறது. டயப்பரைப் பிடித்துக்கொள்ளவேண்டிய ஒட்டு என் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றும் ஆகாது. ஓரத்தில் கொஞ்சமாவது டயப்பரில் ஒட்டியிருக்கும். கட்டைவிரல் மறுபடி அங்கே போகிறது. போகக்கூடாது, பின்னால் மாப்பிள்ளை, தங்கை புருஷன் கார்மேகம், உட்கார்ந்திருக்கிறான். வேன் ஓட்டுகிற பையனுக்கு ரோடு தெரியவில்லை, பள்ளத்தைப் பள்ளம் வந்தபிறகுதான் பார்க்கிறான், நான் இங்கிருந்தே பார்த்துவிடுகிறேன், என் வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கை அழுத்துகிறது, அழுத்தினால் அடிவயிறு இறுகுகிறது, இறுகினால், வேண்டாம், காலைத் தளர்த்து. அடுத்த பள்ளம். கால் மறுபடி அழுத்துகிறது. ராமேஸ்வரம் வண்டியில் இருந்தபோது பரமக்குடி தாண்டினால் வழியில் ஒண்ணுக்கு நிறுத்தமாட்டேன், கண்டக்டர் கெஞ்சுவான், அண்ணே ஒரு நிமிஷம், நான் சிரிப்பேன், அடக்குறவன்தாண்டா டிரைவர் என்பேன். அது சதையா, நரம்பா, எதுவென்று அன்றைக்குத் தெரியாது, இருந்தது, கதவுபோல மூடியே இருந்தது. இப்போது அந்தக் கதவு இல்லை, நிலை மட்டும் இருக்கிறது. கார்மேகம் பின்னாலிருந்து ஏதோ சொல்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், நான் என்னவென்று கேட்காமலே சிரிப்பதுபோலப் பல்லைக் காட்டுகிறேன், வயிறு அசையாமல் சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். நல்ல மனுஷன் கார்மேகம், தங்கையை ஒரு சொல் கடிந்து பேசினதில்லை. ஆனால் பெயர் வைப்பான். அவன் வைத்த பெயர் போகாது. அவன் சித்தப்பா ஒருவருக்குக் கல்யாணப் பந்தியில் பல்செட் கழன்று பாயசத்தில் விழுந்தது, அன்றைக்கே பாயசம் என்று பெயர் வைத்தான், குழந்தைகள் பாயசத் தாத்தா என்றார்கள், கடைக்காரர் பாயசம் வீட்டுக் கணக்கு என்றார், அவர் செத்தபோது சுவரில் ஒட்டின கண்ணீர் அஞ்சலியில் படத்துக்குக் கீழே அவர் பெயர், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பாயசம். நான் நின்று அதை வாசித்தேன். ஒரு மனிதர் அவ்வளவு காலம் வாழ்ந்ததில் மிச்சமானது அது. என் படத்துக்குக் கீழே, முத்திருளப்பன், அதற்குப் பக்கத்தில் என்ன. நானே வைத்துப் பார்க்கிறேன். சொட்டு. சொட்டு மாமா. இல்லை, கார்மேகம் இதைவிட நன்றாக வைப்பான். வதனி என் பக்கம் திரும்பி, மாமா ஏன் காலை ஆட்டுறீங்க என்கிறாள். ஆட்டலைம்மா. ஆட்டுறீங்க, நான் பாத்தேன். அவளுக்கு எல்லாம் தெரிகிறது. அவள் கண் என் முகத்தில் இருப்பதில்லை, கையில், காலில், எது அசைகிறதோ அங்கே இருக்கிறது.

வராமல் இருந்திருக்கலாம். இருக்க முடியாது. என் ஆபரேஷனுக்காகவே காதுகுத்துத் தேதியை ஒருதடவை தள்ளிப்போட்டார்கள், பிறகு எனக்கு உடம்பு தேறட்டும் என்று இன்னொரு தடவை, பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்தும் காது மூளியாக இருக்கிறாள் என்று அழகுமீனாவின் மாமியார் பேச ஆரம்பித்துவிட்டார். இன்னும் தள்ளச் சொன்னால் அண்ணனுக்கும் தங்கைக்கும் என்ன பகை என்று கேட்பார்கள். மடி கொடுக்க மாட்டேன் என்கிற மாமன் சண்டைக்காரன், இல்லாவிட்டால் சீர் செய்யப் பயந்தவன். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. வேன் கண்மாய்க் கரையில் ஏறி நின்றுவிட்டது. இறங்கும்போது படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன், உடம்பு முடியாதவர் என்று யாரோ தாங்கினார்கள், தாங்கின கை என் இடுப்பில் பட்டது, டயப்பர் சரசரத்தது, அவருக்குக் கேட்டிருக்காது, புது வேட்டி என்று நினைத்திருப்பார். அய்யனார் கோயிலுக்குச் சுவர் கிடையாது. அரசமரம், மண் குதிரை, ஒரு தகரக் கொட்டகை, சுற்றிலும் கருவேலங்காடு. அறை என்று ஒன்று இல்லை, கதவு என்று ஒன்று இல்லை. பஞ்சவர்ணத்தைக் கண்ணால் கூப்பிட்டேன். வந்தாள். கயிறு உள்ள மாட்டியிருக்கு, வலது பக்கம், என்றேன். அவள் முகம் மாறவில்லை, என் சட்டைப் பித்தானைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, எந்த ஒட்டு என்று கேட்டாள். கீழ் ஒட்டு. அப்ப வலது கரையும் உள்ள மடங்கியிருக்குமே என்றாள். அதை நான் நினைக்கவே இல்லை. அவள் சொன்னபிறகு தொடை இடுக்கில் அந்த மடிப்பு தெரிகிறது, ஒரு இலைக் காம்புபோல, தெரிந்தபிறகு அது ஒன்றுதான் தெரிகிறது. காட்டுப் பக்கம் போயி பிரிச்சு ஒட்டுங்க, மாத்துறது பையில இருக்கு, என்று சொல்லி வாய் மூடுமுன் அண்ணி என்று குரல் வந்தது, சீர்த்தட்டைச் சாமி முன்னால் வைக்கவேண்டும், அவள் இல்லாமல் வைக்க முடியாது. பை அவள் தோளோடு போய்விட்டது. பரவாயில்லை, மாற்றவேண்டியதில்லை, பிரித்து ஒட்டினால் போதும். ஒருதடவை பிரித்த ஒட்டு மறுபடி ஒட்டுமா. கருவேல மரத்துப் பக்கம் நடந்தேன். மச்சான், ஒண்ணுக்கா, இருங்க நானும் வர்றேன், என்று கார்மேகம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். அவன் என் பக்கத்தில் நின்றான். மாமன் மச்சான் சேர்ந்து நின்று எத்தனை நாளாச்சு என்று சந்தோஷமாகச் சொன்னான். நான் வேட்டியைத் தொடவில்லை. வரலை மாப்ள, சும்மா காலாற நடந்தேன், என்றேன். அவன் முடிக்கும்வரை கரையில் மேய்ந்த கொக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தம் மண்ணில் நெடுநேரம் கேட்டது, கேட்கக் கேட்க என் அடிவயிற்றில் ஏதோ அவிழ்வதுபோல இருந்தது, விரல்களை மடக்கி உள்ளங்கையில் நகத்தை அழுத்தினேன். வாங்க மச்சான், ஆசாரி கூப்புடுறாரு.

ஜமுக்காளம் விரித்திருக்கிறார்கள். அதன்மேல் நான் உட்காரவேண்டும். நாற்காலி கேட்கலாமா, ஆபரேஷன் பண்ணின உடம்பு என்று. கேட்டேன். காதுகுத்துக்கு நாற்காலியில உக்காந்த மாமன் உண்டா, சம்மணம் போட்டாத்தானே மடி, என்று யாரோ சொன்னார்கள், சரிதான், நாற்காலியில் உட்கார்ந்தால் மடி என்று ஒன்று ஏற்படுவதே இல்லை. டயப்பர் பாக்கெட்டில் ஒரு ஆள் படம் போட்டிருப்பார்கள், நிற்கிறார், பக்கத்தில் படுக்கிறார், இன்னொன்றில் நடந்துபோகிறார், சிரித்துக்கொண்டே. சம்மணம் போட்டு யாரும் உட்காருவதில்லை. அந்தப் படம் வரைந்தவர்களுக்குத் தரையில் உட்காருகிற வழக்கம் இருந்திருக்காது. முழங்காலை மடக்கித் தொடையை விரிக்கிறேன். விரிக்க விரிக்க வலது பக்கம் இழுக்கிறது. ஒட்டு இழுபடுகிறது, கயிறு இழுபடுகிறது, கயிறு இடுப்பைச் சுற்றி முதுகுவரை இறுகுகிறது. இன்னும் ஈரமில்லை. உலர்ந்திருக்கிறேன். உலர்ந்திருக்கிறேன் என்று பல்லுக்குள் சொல்லிக்கொள்கிறேன். வதனியை எடுத்து என் மடியில் வைத்தார்கள். மாம்பழ நிறப் பட்டுப்பாவாடை, நான் எடுத்துக் கொடுத்தது. கனக்கிறாள். இரும்புபோலக் கனக்கிறாள், சரியாக அடிவயிற்றில், தழும்பு இருக்கிற இடத்தில், அவள் முதுகெலும்பு அழுந்துகிறது. தலையில் சீயக்காய் வாசனை. எல்லாரும் சுற்றிவந்து நிற்கிறார்கள், வெளிச்சம் குறைந்துவிட்டது, முகங்கள் மேலேயிருந்து குனிகின்றன. அழகுமீனா போன் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அண்ணே சிரிண்ணே. ஆசாரி வெற்றிலை கேட்கிறார், தேங்காய்ச் சில் கேட்கிறார், தோட்டைக் கையில் வைத்து ஊதுகிறார், அவசரமே இல்லாத மனிதர். மடலில் மையால் பொட்டு வைக்கிறார், சரியாக இருக்கிறதா என்று பெண்களிடம் கேட்கிறார், கொஞ்சம் மேல, இல்லை கொஞ்சம் கீழ, அழித்து மறுபடி வைக்கிறார். சாம்பிராணி போட்டார்கள். புகை என் பக்கம் வருகிறது. இருமக்கூடாது. தொண்டையில் ஒரு முடிபோல ஏறுகிறது. விழுங்கு. விழுங்கிவிட்டேன். வதனி தலையைத் திருப்பி என் காதருகே, வலிக்குமா மாமா என்கிறாள். எறும்பு கடிக்கிற மாதிரிதான், மாமா கெட்டியா பிடிச்சுக்குறேன், என்கிறேன். என் கைகள் அவள் கைகளைப் பிடித்திருக்கின்றன. அவள் விரல்கள் ஈரமாக இருக்கின்றன, பயத்தில். கெட்டியா பிடிங்க மச்சான் என்கிறான் கார்மேகம். ஊசி வலது மடலில் பட்டது. வதனி மூச்சை உள்ளே இழுத்தாள், இழுத்த மூச்சு வெளியே வர நேரமானது, அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, இனி என்ன நடக்கும் என்பது வரிசையாகத் தெரிந்தது, அவள் அலறினாள், இரண்டு காலையும் தூக்கி உதைத்து முதுகை என் வயிற்றில் முட்டினாள். சர் என்று ஒரு சத்தம். தாள் கிழிவதைவிடச் சின்னச் சத்தம். வலது ஒட்டு. பிறகு சூடு.

சூடு தொடை இடுக்கில் இறங்கி, கரையின் மடிப்பில் ஏறி, வெளியே வந்து, பரவுகிறது. நிற்கமாட்டேன் என்கிறது. நிறுத்து. நிறுத்த எது இருந்ததோ அது இல்லை. வேட்டி பிடித்துக்கொண்டது, வேட்டியிலிருந்து பட்டுக்குப் போகிறது, மாம்பழ நிறம் கருத்துக்கொண்டே வருகிறது, பாவாடையின் கரையை நோக்கி, ஒரு நிழல் நகர்வதுபோல. காது குத்தியாயிற்று, தோடு ஏறிவிட்டது, பெண்கள் குலவை போடுகிறார்கள், யாரும் இன்னும் கீழே பார்க்கவில்லை. இப்படியே உட்கார்ந்திருந்தால், பிள்ளையை மடியிலேயே வைத்துக்கொண்டால், காயும்வரை, எல்லாரும் சாப்பிடப் போகும்வரை. அழகுமீனா கண்ணீர் துடைத்துவிட அவளைத் தூக்கினாள். தூக்கின கையை உதறினாள். அடியாத்தி, பாவாடையிலயே போயிட்டாளே. அப்புறம் எல்லாரும் பார்த்தார்கள். என் வேட்டியையும் பார்த்தார்கள், வேட்டியிலிருந்து பிள்ளைக்குப் போனதாக யாருக்கும் தோன்றவில்லை, பிள்ளையிலிருந்து வேட்டிக்கு வந்ததாகவே எல்லாரும் பார்த்தார்கள், கண் அப்படித்தான் போகும், சின்னவர்களிடமிருந்து பெரியவர்களிடம். கார்மேகம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். மச்சான் இம்புட்டு சீர் கொண்டாந்தாரு, எம் மக கையோட பதில் சீர் செஞ்சுட்டா, என்றான். கொட்டகையே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். பஞ்சவர்ணம் சீர்த்தட்டிலிருந்த புதுத் துண்டை எடுத்து என் மடிமேல் போட்டாள், எந்திரிக்காதீங்க, இன்னொரு காது இருக்கு, என்றாள், என் கண்ணைப் பார்க்காமல். வதனி அழுகையை நிறுத்திவிட்டாள். காதில் ஒரு சொட்டு ரத்தம், அதைக்கூடத் தொடவில்லை, பாவாடையைப் பின்னால் கைவிட்டுத் தொட்டுப் பார்க்கிறாள், உள்ளே கைவிட்டுப் பார்க்கிறாள், விரலைப் பார்க்கிறாள். நான் போகலை என்றாள். பயத்துல போயிருப்ப, உனக்குத் தெரிஞ்சிருக்காது, என்றாள் அவள் அம்மா. என் ஜட்டி வெளிப்பக்கம்தான் நனைஞ்சிருக்கு, உள்ள நனையலை, நான் போகலை. சிரித்தார்கள், வக்கீல் மாதிரி பேசுறா பாரு என்றார்கள். அவள் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, நான் இல்லைன்னு சொல்லுங்க."

சொல்லலாம். அவள் கேட்டது அது மட்டும்தான், யார் என்று அவள் கேட்கவில்லை, அவள் இல்லை என்று சொன்னால் போதும் என்கிறாள். ஆனால் அவள் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும், யாரும் கேட்காமலே வரும், எல்லாக் கண்ணும் துண்டின்மேல் வந்து நிற்கும். வாயைத் திறந்தேன். பிள்ளைகள் நனைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே, பாவாடை காய்ந்தால் இதுவும் காய்ந்துவிடும், நாளைக்குத் தோட்டைக் கண்ணாடியில் பார்க்கும்போது மறந்துவிடுவாள், குழந்தைக்கு இது ஒரு நாள், எனக்கு இது மிச்ச நாள் எல்லாம். சரி, அப்புறம் அழகுமீனாவிடம் தனியாகச் சொல்லிவிடலாம். எப்போது. இன்றைக்குச் சாயங்காலம், இல்லை, ஊருக்குப் போய்ப் போனில். போனில் சொல்லலாம். இப்போது சொல்லவேண்டியது இரண்டு சொல், அவள் இல்லை, அவ்வளவுதான், இரண்டு சொல்லுக்கு இவ்வளவு மூச்சு வேண்டியிருக்கிறது, மூச்சை இழுத்தால் அடிவயிறு இறுகும், இறுகினால் இன்னும் வரும், வந்துகொண்டுதான் இருக்கிறது. துண்டின் நடுவில் ஒரு காசளவு இருட்டாகிவிட்டது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். வதனி அந்தக் கையைப் பார்த்தாள். அவள் கண் அங்கேயே நின்றது. நான் அவள் தலையைத் தடவப் போனேன், எந்தக் கையை எடுப்பது என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டேன். பரவாயில்லடா கண்ணு, மாமா ஒண்ணும் நினைக்கலை, என்று சொன்னது என் குரல். நான்தான் சொன்னேன். எல்லாரும் ஆகா என்றார்கள், பெரிய மனசு என்றார் அழகுமீனாவின் மாமியார். வதனி முகத்தில் அழுகை வரவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சாதாரணக் கவுன் மாட்டிக் கூட்டிவந்தார்கள், பாவாடையைப் பிழிந்து குதிரையின் காலில் காயப்போட்டார்கள், அந்த நேரம் முழுக்க நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், புகை போய்விட்டது, வெயில் கொட்டகை விளிம்பைத் தாண்டி ஜமுக்காளத்துக்கு வந்துவிட்டது, என்னிடமிருந்து வாசனை எழுகிறதா என்று மூச்சை உள்ளே இழுத்து இழுத்துப் பார்த்தேன், எழுகிறது, லேசாக, பிள்ளை போனதுதானே, எழட்டும். ஆசாரி இரண்டாவது தோட்டை ஊதினார். கார்மேகம் கையைத் தட்டிக் கூப்பிட்டான்.

"வாம்மா குத்தாலம், அடுத்த காது."

எல்லாரும் ரசித்துச் சிரித்தார்கள். குத்தாலம், குத்தாலம் என்று பின்னால் ஒரு குழந்தை சொல்லிப் பார்த்தது. பொருத்தமான பெயர், அருவி கொட்டுகிற ஊரின் பெயர், நாக்கில் உட்காருகிற பெயர், பள்ளிக்கூடம்வரை போகும், அங்கிருந்து கல்யாணப் பந்திவரை போகும். என்னை நினைத்து நான் பயந்த பெயர் அவள்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது சொல்லிவிடலாம். இப்போதுகூடச் சொல்லலாம். வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கிறேன். மாமா மடியில உக்காரு, நேரமாகுது, என்றாள் அழகுமீனா. நான் துண்டைச் சரிசெய்து, உலர்ந்த மடிப்பை மேலே கொண்டுவந்து, கைகளை நீட்டினேன். வதனி நீட்டின கைகளுக்கு எதிரே வந்து நின்றாள். அம்மா கூப்பிட்டாள். அப்பா தன் மடியைத் தட்டிக் காட்டினான்.

வதனி யார் மடியும் வேண்டாம் என்றாள். ஜமுக்காளத்தைத் தாண்டிப்போய் மண் தரையில் தனியாக உட்கார்ந்து, இடது காதை ஆசாரியிடம் காட்டினாள்.